விகாரத்தை அளந்த விஞ்ஞானி: ஆசார்ய ஜகதீச சந்திர போஸ்

வன்னிப் பெருநிலத்திற் பிறந்து வளர்ந்தோர்க்குக் குளக்கட்டின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் பாவற்குளமும் நிரம்பினாலன்றி நம் வயல்கள் விளையா. ஆயின், அவை வேண்டிய அளவுக்கு மேல் நிரம்பும்பொழுது மக்கள் நெஞ்சில் எழும் ஐயம் ஒன்றுண்டு. கட்டுத் தாங்குமா என்பதே அது. 2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நாளில் அவ்வையத்தை அறியாதார் கிளிநொச்சியில் இருந்திரார். முன்னாளிற் குளக்காவலர் தம் கண்ணையும் காலையும் கொண்டே இதற்கு விடை கண்டனர். கட்டின்மேல் நடந்து, வெடிப்பும் கசிவும் உளவோவெனப் பார்ப்பர். இந்நாளில் உலகின் பேரணைகளிலும் பெரும்பாலங்களிலும் சிறு உணரிகளைப் பதித்து, கண்ணுக்குப் புலனாகாத இழுபாட்டையும் நெரிபாட்டையும் மின்னாற் படித்தறிகின்றனர்.

இவ்விழுபாட்டுக்குப் பௌதிக நூலார் இட்ட பெயர் விகாரம். நன்னூல் பயின்ற நம் மாணவர் இச்சொல்லைக் கேட்டவுடன் தோன்றல், திரிதல், கெடுதல் என்று ஒப்புவிக்கத் தொடங்குவர். அதுவும் முற்றும் பொருந்தாததன்று. இயல்பு நிலையினின்று திரிதலே இங்கும் பொருள். ஒரு மீற்றர் நீளமுடைய கம்பி ஒரு மில்லிமீற்றர் நீண்டதாயின், அதன் விகாரம் ஆயிரத்தில் ஒன்று. கம்பி நீளும்பொழுது மெலிகின்றது. நீண்டு மெலிந்த கம்பியில் மின்னுக்குத் தடை கூடுகின்றது. இவ்வுண்மையை 1856ஆம் ஆண்டில் இரும்பிலும் செம்பிலும் சோதித்து, ஒரே அளவு இழுத்தபொழுது இரும்பின் தடை செம்பின் தடையினும் மிகுதியாய் மாறுவதைக் கண்டறிந்தவர் வில்லியம் தொம்சன். பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் போற்றப்பட்டவர் அவரே.

அக்கெல்வின் பிரபு 1896ஆம் ஆண்டில், முதுமையின்கண், லிவர்ப்பூல் நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞானச் சங்கப் பேரவையில் ஓர் இந்தியர் நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்டு மகிழ்ந்தார். நொண்டும் காலுடன் மாடமேறிச் சென்று, ஆங்கு மகளிரிடையே அமர்ந்திருந்த அவ்விந்தியரின் மனைவியாரையும் பாராட்டினார். பாராட்டப் பெற்ற அம்மையார் அபலா. சொற்பொழிவாற்றியவர் ஜகதீச சந்திர போஸ். உலோகமும் உயிரும் இழுபாட்டுக்கு எங்ஙனம் விடையிறுக்கின்றன என்பதை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட இப்பெரியாரின் வரலாற்றை நம் கல்லூரியின் விழா மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. கருவியின்றிக் கற்பித்தலும் கற்றலும் எத்தகையன என்பதைப் போரும் இடப்பெயர்வும் கண்ட வன்னியின் ஆசிரியரும் மாணவரும் நன்கறிவர். மரநிழலில் விஞ்ஞானம் படித்துத் தேறியோர் நம்மிடையே இன்றும் உளர்.

ஜகதீசர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கிழக்கு வங்கத்திற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ், அரசாங்கத்தின் உதவி மாஜிஸ்திரேட். பிரம சமாசத்தைச் சார்ந்தவர். உத்தியோகத்தர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதைப் பெருமையாகக் கருதிய காலம் அது. பகவான் சந்திரரோ தம் மகனைப் பரீத்பூரில் தாய்மொழிப் பாடசாலைக்கு அனுப்பினார். அங்கே ஒருபுறம் தம் தந்தையின் முஸ்லிம் ஏவலாளரின் மகனும், மறுபுறம் ஒரு மீனவரின் மகனும் அமர, நடுவே இருந்து படித்தார் ஜகதீசர். ஆற்று உயிர்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் அத்தோழர் கூறிய கதைகளே அவர் பெற்ற முதல் இயற்கைப் பாடம். அவரைப் பாடசாலைக்கு நாடோறும் தூக்கிச் சென்றவன் யாரென அறியின் நம்மவர் வியப்பர். அவன் முன்னாட் கொள்ளைக்காரன். பகவான் சந்திரராலேயே சிறைக்கு அனுப்பப்பட்டு, விடுதலையான பின் அவராலேயே வேலைக்கு அமர்த்தப்பட்டவன். மாபாரதக் கதை மாந்தருள் இச்சிறுவரின் உள்ளங்கவர்ந்தவன் கர்ணன். பிறப்பினால் இழிவு சுமத்தப்பட்டும், தோல்வியே முடிவென அறிந்தும் பின்வாங்காத அவ்வீரனை அவர் இறுதிவரை மறந்திலர்.

பின்னர் கல்கத்தாவில் ஹேயர் பாடசாலையிலும் புனித சவேரியார் கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியில் லபோன் அடிகளார் என்னும் யேசுசபைத் துறவி பௌதிகத்தைக் கருவிகளைக் கொண்டு கண்முன்னே காட்டிக் கற்பித்து வந்தார். நல்லாசிரியர் ஒருவர் வாய்க்கப்பெறின் ஒரு நாட்டின் விஞ்ஞான வரலாறே திசை திரும்பும் என்பதற்கு இது சான்று. 1880இல் ஜகதீசர் இங்கிலாந்து சென்று இலண்டனில் வைத்தியம் படிக்கத் தொடங்கினார். விடாத காய்ச்சலும் பிணவறுப்புக் கூடத்தின் நாற்றமும் அவரை அக்கல்வியினின்று விலக்கின. கேம்பிரிட்ஜிற் கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்து, ரேலே பிரபுவிடம் பௌதிகம் பயின்று, 1884இற் பட்டம் பெற்றார்.

1885இல் தாயகம் மீண்ட அவருக்குக் கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியர் பதவி கிடைத்தது, எளிதிற் கிடைத்திலது. விஞ்ஞானம் கற்பிக்க இந்தியர் தகுதியற்றவர் என்பது அக்காலத்துக் கல்வி அதிகாரிகளின் கருத்து. அன்றியும், ஐரோப்பியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியர்க்கு உரியது. தற்காலிக நியமனமாதலின் அதிலும் பாதியே இவர்க்கு வழங்கப்பட்டது. ஜகதீசர் இதை எதிர்த்து ஊர்வலமும் நடத்தவில்லை, பதவியையும் துறக்கவில்லை. வகுப்புகளை ஒழுங்காக நடத்தினார். மாதந்தோறும் வந்த சம்பளத்தைத் தொடாது விட்டார். இங்ஙனம் மூன்றாண்டுகள் கழிந்தன. அப்பொழுது அவர் வீட்டுநிலை எத்தகையது என்பதையும் எண்ணுதல் வேண்டும். மக்கள் நலங்கருதித் தந்தையார் தொடங்கிய தொழின்முயற்சிகள் நட்டமடைந்து, குடும்பம் பெருங்கடனில் மூழ்கியிருந்தது. 1887இல் அபலாவை மணந்தமையால் இல்லறச் செலவும் சேர்ந்தது. முடிவில் அரசாங்கம் பணிந்தது. முழுச் சம்பளமும் முன்னைய தேதியிலிருந்து கணக்கிட்டு ஒருங்கே வழங்கப்பட, அத்தொகை தந்தையின் கடனைத் தீர்க்கச் சென்றது.

அபலா அம்மையாரைப் பற்றித் தமிழர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கல்கத்தா வைத்தியக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்த நாளில், அவர் 1882இற் சென்னைக்கு வந்து வைத்தியம் படித்தார். உடல்நலக் குறைவு அக்கல்வியை முற்றுப்பெற விட்டிலது. ஆயினும், வங்கப் பெண்ணொருத்திக்குக் கதவு திறந்தது தமிழ்நாட்டுத் தலைநகரே என்பது நமக்குப் பெருமை தருவதன்றோ.

1894ஆம் ஆண்டு தமது முப்பத்தாறாம் பிறந்தநாளில் ஜகதீசர் ஆராய்ச்சியிலேயே தம் வாழ்வைச் செலுத்துவதென உறுதிபூண்டார். கல்லூரியில் ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. குளியலறையை ஒட்டிய சிற்றறை ஒன்றே கிடைத்தது. கருவி செய்வோரும் இல்லை; தகரவேலை செய்யும் ஒருவரைப் பழக்கியே கருவிகளைச் செய்வித்தார். கற்பித்தற் கடமைகள் முடிந்தபின் எஞ்சிய நேரமே ஆராய்ச்சிக்குக் கிடைத்தது. இத்தகைய நிலையில் அவர் உண்டாக்கிய மின்காந்த அலைகளின் நீளம் வெறும் 5 மில்லிமீற்றர்! ஹேட்ஸ் கண்ட அலைகள் மிக நீண்டவை. சிறு மேசையில் வைத்து ஆராய இயலாதவை. அலையைக் குறுக்கியதனால் கருவியையும் குறுக்கினார் போஸ். பணமும் இடமும் இல்லாதவர்க்கு இது நல்ல வழி. அலைகளை முனைவாக்கப் புத்தகத் தாள்களையும், அவற்றின் முனைவாக்கத் தளத்தைச் சுழற்ற முறுக்கிய சணலையும் பயன்படுத்தினார். வங்கத்துச் சணலைக் கொண்டு உயர்ந்த பௌதிகம் செய்யலாம் என்று வேறு யார் எண்ணியிருப்பர்? கல்கத்தா நகர மண்டபத்தில் சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளால் மணியை ஒலிப்பித்தும் வெடிமருந்தைத் தீப்பற்றச் செய்தும் பொதுமக்களுக்குக் காட்டினார்.

இனி நம் பொருளுக்கு வருவோம். அலைகளை உணர்வதற்கு அக்காலத்தார் கொஹீரர் என்னும் கருவியைக் கையாண்டனர். குழாயிலிட்ட உலோகத் தூள் அது; அலை பட்டவுடன் துகள்களிடைத் தொடுகை மாறித் தடை குறையும். பின்னர்க் குழாயைத் தட்டினாலன்றி அது பழைய நிலைக்கு மீளாது. தூளின் மனம்போன போக்கை விரும்பாத போஸ், உருக்குச் சுருள்வில்களை அடுத்தடுத்து வைத்து, ஒரு திருகாணியால் அவற்றை நெருக்கி, தொடுமிடங்களின் அழுத்தத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் அமைத்தார். உணர்திறன் பொருளில் மட்டுமன்று, அமைப்பிலும் அழுத்தத்திலும் உள்ளது என்பதை இக்கருவி காட்டுகின்றது. இந்நாளில் இறப்பரிற் கரித்துகளைக் கலந்து செய்யும் நீளும் உணரிகளிலும் இதன் உறவுமுறையைக் காண்கின்றோம். இழுக்கும்பொழுது துகள்கள் ஒன்றைவிட்டொன்று விலகத் தடை ஏறுகின்றது. கலேனா என்னும் ஈயத்தாதுப் பளிங்கைக் கொண்டு அவர் அமைத்த உணரிக்கு 1904இல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. குறைகடத்தியால் ஆன கருவிக்குக் கிடைத்த மிகப் பழைய உரிமைப் பத்திரங்களுள் அது ஒன்று. அதனையும் அவர் தாமாக விரும்பிப் பெற்றிலர். சகோதரி நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதனாலேயே பெற்றார். பெற்றபின் அதனாற் பொருளீட்டவும் இல்லை. தந்திக் குழுமம் ஒன்றின் அதிபர் இலாபத்திற் பங்கு தருவதாக வந்தபொழுதும் மறுத்துவிட்டார். அறிவை விலைபேசலாகாது என்னும் அவர் கொள்கை உயர்ந்ததே. எனினும், அப்பணம் ஓர் ஆய்வுகூடத்தைப் பல ஆண்டுகள் முந்தி எழுப்பியிருக்கும் என்று நினையாதிருக்க நம்மால் முடியவில்லை.

1899ஆம் ஆண்டளவில் போஸ் விந்தை ஒன்றைக் கண்டார். நெடுநேரம் வேலை வாங்கப்பட்ட கருவியின் உணர்திறன் மங்கியது. ஓய்வு கொடுத்தபின் மீண்டும் தெளிந்தது. இக்களைப்பின் வளைகோட்டை வரைந்தபொழுது, அது களைத்த தசையின் வளைகோட்டை ஒத்திருந்தது. பிறரெல்லாம் கருவியின் குறையெனத் தள்ளியிருக்கக்கூடியதைப் போஸ் தமது வினாவாக்கிக்கொண்டார். தூண்டுதல் யாதாயினும், அது ஒளியாயினும் மின்னலையாயினும் முறுக்குதலாயினும், பொருளின் மூலக்கூறுகளில் விகாரத்தையே விளைவிக்கின்றது என்பது அவர் கொண்ட கோட்பாடு. 1902ஆம் ஆண்டில் றோயற் சங்கத்தின் வெளியீடுகளிற் பொறிமுறை விகாரத்தையும் கதிர்வீச்சு விகாரத்தையும் ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரைகள் வந்தன.

இக்கோட்பாட்டைச் சோதிக்க அவர் அமைத்த கலத்தை நம் உயர்தர மாணவர் கூர்ந்து நோக்குவாராக. வெள்ளீயக் கம்பி ஒன்றை நடுவில் இறுகப் பிடித்து, இரு பாதிகளையும் மின்பகுபொருளில் நனைய விட்டு, இரு முனைகளையும் கல்வனோமானியோடு இணைத்தார். இரு பாதிகளும் ஒரே கம்பியின் கூறுகளாதலின், வாளாவிருக்கும்பொழுது கல்வனோமானி அசையாது. ஒரு பாதியை மட்டும் குறித்த கோணத்துக்கு முறுக்கி அதிரவிட்டபொழுது ஊசி விலகியது. முறுக்கை மிகுத்தபொழுது விலகலும் மிகுந்தது. மறுபாதியை முறுக்க, எதிர்த்திசையில் விலகியது. கம்பியை நடுவிற் பிடித்தமை இங்கே மிக நுண்ணிய ஏற்பாடு. ஒரு பாதியின் அதிர்வு மற்றப் பாதிக்குச் செல்லாது. செல்லாத பாதி ஒப்புநோக்கும் அளவையாக நிற்கும். வெப்பத்தால் விளையும் மாற்றமோ இரண்டினுக்கும் பொதுவாதலின் ஒன்றையொன்று கழித்துவிடும். 1938ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிற் சிம்மன்சும் றூஜும் தனித்தனியே உருவாக்கிய கம்பி விகாரமானியிலும் இத்தத்துவமே ஆளப்படுகின்றது. மெல்லிய கம்பியை மடித்து மடித்துப் பசையால் ஒட்டுவர். இழுபடாத மற்றொன்றை அருகில் வைத்து, இரண்டையும் உவீத்தன் பாலத்தில் இணைத்து வெப்பத்தின் பிழையை நீக்குவர். 120 ஓம் தடையுள்ள கொன்சுதன்ரன் மானி ஆயிரத்தில் ஒன்று நீளின், அதன் தடை ஏறத்தாழ 0.24 ஓமே கூடும். இத்துணைச் சிறு மாற்றத்தைப் பாலமின்றிப் பிடிப்பது அரிது. 1952இல் இக்கம்பியின் இடத்தை உலோகத் தகடு பிடித்தது. 1954இல் சிமித் என்பார் சிலிக்கனிலும் ஜேர்மானியத்திலும் இவ்விளைவு உலோகத்தினும் பன்மடங்கு மிகுதி எனக் காட்டினார்.

போஸின் கலம் தடையை அளந்ததன்று, மின்னியக்க விசையையே அளந்தது என்னும் வேறுபாட்டை நாம் மறைத்தலாகாது. ஆதலின் இன்றைய விகாரமானியின் தந்தை அவரே எனப் புகழ்ந்துரைப்பது வரலாறாகாது. பொருளின் இழுபாட்டை மின்மொழியிற் பேசவைக்கலாம் என்னும் எண்ணத்தை அவரினும் ஆழமாக அந்நாளிற் பின்தொடர்ந்தவர் சிலரே என்பது மட்டும் உறுதி.

அவர் அத்துடன் நின்றிலர். கலத்தில் ஒக்சாலிக் அமிலத்தை இட்டபொழுது கம்பியின் விடை அடங்கியது; சோடியம் காபனேற்றை இட்டபொழுது மிகுந்தது. இதனை நஞ்சும் ஊக்கமருந்தும் என்றே அவர் கொண்டார். உயிருள்ளதற்கும் அற்றதற்கும் இடையே கோடு கிழிக்க இயலாது எனத் துணிந்து, 1901ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் எடுத்துரைத்தார். அடுத்த மாதம் றோயற் சங்கத்தில், உடற்றொழிலியலில் முடிசூடா மன்னரான பேர்டன் சாண்டர்சன் எழுந்து, பௌதிகர் தம் எல்லைக்குள் நிற்பது நன்று என்னும் கருத்துப்பட மறுத்துரைத்தார். கட்டுரை அச்சேறாது பேழைக்குட் போயிற்று. விடுமுறையும் பணமும் தீர்ந்துகொண்டிருந்தன. நண்பர் இரவீந்திரநாத தாகூர் திரிபுரா மன்னரிடம் பொருள் பெற்று அனுப்பித் தாங்கினார். 1902இல் அவ்வாராய்ச்சியையெல்லாம் திரட்டி நூலாக வெளியிட்டார் போஸ்.

இவ்வழக்கில் நம் தீர்ப்பு யாது? அவர் கண்ட அளவைகள் மெய். அவற்றுக்குக் கூறிய விளக்கத்தைப் பிற்காலத்தார் ஏற்றிலர். மின்பகுபொருளில் நிற்கும் உலோகத்தை முறுக்கினால் அதன் மேற்பரப்புப் படலம் குலைந்து மின்னழுத்தம் மாறும். அமிலமும் காரமும் அப்பரப்பையே மாற்றும். இதற்கு உயிர்த்தன்மை வேண்டுவதில்லை. வேதாந்தத்தின் ஒருமைக் கொள்கையை அவர் ஆய்வுகூடத்தில் நிறுவிவிட்டார் என்று நம்மவர் சிலர் அன்று ஆரவாரித்தனர். அவ்வாரவாரம் அவருக்கு நன்மை செய்ததினும் தீமையே மிகச் செய்தது.

தாவரங்களிலோ அவர் வென்றார். வன்னியின் வரம்பிலும் தெருவோரத்திலும் காலிற் படும் தொட்டாற்சுருங்கியையும், தானே இலையசைக்கும் தொழுகண்ணியையும் தம் மாணாக்கராகவே கொண்டு, அவற்றுட் செல்லும் மின்துடிப்பைப் பதிந்தார். எழுதுகோல் புகைக்கண்ணாடியில் உராய்வதே நுண்ணளவைக்குப் பகையாதலின், கோலை அதிரவிட்டு, தொட்டுத் தொட்டுப் புள்ளி வைக்குமாறு அமைத்தார். அதனால் உராய்வும் ஒழிந்தது. புள்ளிகளே நேரத்தையும் குறித்தன. கிரெஸ்கோகிராப் என்னும் அவர்தம் வளர்ச்சிமானி நெம்புகோல்களால் செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டியது. காந்தம் பூட்டிய பின்னைய அமைப்பு அதனினும் பன்மடங்கு பெருக்கியது. அதனை நம்பாதார் 1920இல் இலண்டனிற் கண்முன் சோதிக்கக் கேட்டனர். சோதனை நிறைவேறியது; அவ்வாண்டே றோயற் சங்கத்தின் அங்கத்தவராகத் தெரிவானார். பேழைக்குள் அவர் கட்டுரை சென்று பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தொட்டாற்சுருங்கியில் மின்குறி செல்வது இந்நாளிற் பாடநூற் செய்தி. செடி நம் மனத்தின் எண்ணத்தை அறியும் எனப் பிற்காலத்திற் கிளப்பிவிட்ட கதைகளுக்கு அவர் பொறுப்பல்லர்.

1915இல் ஓய்வுபெற்று, 1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தமது பிறந்தநாளிலேயே, கல்கத்தாவிற் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். குளியலறைக்கருகில் தொடங்கிய ஆராய்ச்சிக்கு ஒரு கோயில் எழ இருபத்துமூன்று ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டே சர் பட்டமும் வந்தது. அதைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை.

1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், எழுபத்தொன்பது வயது நிறைய ஒரு வாரமே இருக்க, கிரிதி என்னும் ஊரில் அன்னார் காலமானார். பிள்ளைச் செல்வம் எஞ்சாத அத்தம்பதியருள் அபலா அம்மையார், பெண்கல்விக்காக 1919இல் தாம் நிறுவிய நாரி சிக்ஷா சமிதியின் பணியிற் பின்னும் பதினான்கு ஆண்டுகள் உழைத்து, 1951இல் மறைந்தார். தகரவேலைக்காரரைக் கொண்டு தொடங்கிய அக்கருவிகளுட் பல, நிலையத்தின் காட்சிச்சாலையில் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. கல்கத்தாவுக்குச் செல்லும் நம் பழைய மாணவர், அங்குள்ள கண்ணாடிப் பேழைகளுள் அவற்றைக் காணலாம்.